அன்னாசி கசந்த ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலை சமையலறைக் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கிளம்புகிறேன். அலமாரியில் இருக்கும் என் தட்டுகளையும் மிளகையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். லாரா."

சுபத்ரா நின்று அதை மூன்று முறை படித்தாள். அந்த அளவுக்கு அவளுக்கு ஜெர்மன் புரியும். தட்டும் மிளகும் அவளுக்கு வேண்டியதில்லை. ஆனால் லாராவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இன்னும் இரண்டரை நாள்தான் இருக்கிறது என்பது அவளைக் கதவடியிலேயே நிறுத்திவிட்டது.

ஜெர்மனியில் மியூனிக்குக்குப் பக்கத்து ஊரான கார்ஹிங்கில், பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் விடுதி அது. ஆறாவது மாடிதான் கடைசி. ஒரே தாழ்வாரம், எட்டு அறைகள், எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. திருப்பூரிலிருந்து குளிர்நிலை இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய சுபத்ரா இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. எதிர் அறையில் லாரா. இயந்திரவியல் படித்து முடித்து, ஹனோவரில் வேலை கிடைத்துப் போகிறாள். இந்த எட்டு மாதத்தில் இருவரும் பேசியதை எல்லாம் அந்த மஞ்சள் சீட்டிலேயே எழுதி முடித்துவிடலாம். காலையில் ஹலோ, மாலையில் ஹலோ. ஒரு தடவை, துணி துவைக்கும் மெஷின் காலியா என்று கேட்டது. அப்புறம் நவம்பரில் நடந்த அந்த ஒன்று.

சுபத்ரா வந்து நாலாவது நாள். மாலை ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கையில் கரண்டியோடு லாரா.

"நாங்க எல்லாரும் சேர்ந்து உருளைக்கிழங்கு சூப் வச்சிருக்கோம். நீயும் வந்து எங்ககூடச் சாப்பிடறியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

காலையில் தின்ற இரண்டு துண்டு ரொட்டிக்குப் பிறகு சுபத்ராவின் வயிற்றில் எதுவும் விழவில்லை. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இல்ல, பரவாயில்ல. நான் சாப்பிட்டுட்டேன்."

நம் ஊரில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், நாம் உடனே பதில் சொல்லிவிட மாட்டோம். பிறந்ததிலிருந்து செய்துவருவதால், அது மூன்று படிகள் உள்ள ஓர் ஏற்பாடு என்பதே நமக்குத் தெரியாது. முதல் முறை கேட்கும்போது "வேண்டாங்க" என்று சொல்ல வேண்டும். அது நாம் பசிக்கு வந்து நிற்கவில்லை என்று காட்டுவதற்கு. இரண்டாம் முறை கேட்கும்போது "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று குரலைக் கொஞ்சம் இளக்கிச் சொல்ல வேண்டும். அது கூப்பிட்டவர் மனசாரத்தான் கூப்பிடுகிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் முறை யாரும் கேட்பதில்லை; தட்டு வந்துவிடும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை, இரண்டு பக்கமும் ஒரே விதியில் ஆடுகிற வரை.

லாரா "ஓகே!" என்றாள். நல்ல சிரிப்பு ஒன்று சிரித்தாள். போய்விட்டாள்.

கதவைச் சாத்தாமல் சுபத்ரா கொஞ்ச நேரம் நின்றாள். கரண்டி சட்டியில் இடிக்கும் சத்தம் கேட்டது, நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது கேட்டது. அதற்கப்புறம் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அந்தச் சமையலறையில் பட்டை வாசனை வந்தது. பிப்ரவரியில் யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்று, எட்டு திசையிலிருந்தும் மரியாதையான ஹலோ வரும். பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

தனக்கு வேண்டியது என்ன என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. லாராவோடு ஒரே ஒரு தடவை அந்த மேசையில் உட்கார்ந்து, அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது வேண்டாம் என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஞாயிறு நான்கு மணிக்குமேல் அதைச் சொல்ல ஆள் இல்லை.

வெறும் கையோடு போய் ஒருவர் கதவைத் தட்ட அவளுக்கு வராது. என்ன கொண்டுபோவது? வெயில் அதற்குப் பதில் சொன்னது. ஜூலை மாதம்; ஒரு வாரமாக முப்பத்தைந்து, முப்பத்தாறு டிகிரி. குளிர்காலத்துக்கென்று கட்டிய கட்டடங்கள் இவை. சுவர் தடிமனாக இருக்கும், உள்ளே போன சூட்டை வெளியே விடாது. ஜனவரியில் அது வரம், ஜூலையில் சாபம். கூரைக்கு நேர்கீழே இருக்கும் ஆறாவது மாடியில் ஏசி கிடையாது, மின்விசிறி கிடையாது. ஆய்வகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது டிகிரியில் திரவ ஹீலியத்தோடு வேலை பார்த்துவிட்டு வருகிறவள், தன் அறையில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்தில் பல் கூசுகிற மாதிரி குளிர்ந்த ஒரு பழ ஸ்மூத்தியை நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்?

சனிக்கிழமை எல்லாம் வாங்கிச் சேர்த்தாள். நன்றாகப் பழுத்த அன்னாசி ஒன்று, வாழைப்பழம், பெரிய டப்பா தயிர், உறைய வைத்த ராஸ்பெர்ரியும் ப்ளூபெர்ரியும் கலந்த பாக்கெட். போன மாதம் மியூனிக்கில் ஆசியக் கடையில் வாங்கிய மாம்பழக் கூழ் டின் ஒன்று ஏற்கனவே இருந்தது. வழக்கமாக அவள் டின் அன்னாசிதான் வாங்குவாள், விலை குறைவு, தோல் சீவும் வேலை இல்லை. இது ஒருவருக்குக் கொடுப்பது. புதுப் பழமாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஐஸ் கட்டி போட்டு அடித்தால் முதல் வாய் குளிரும். கடைசி வாயில் தண்ணீர்தான் மிஞ்சும். அதனால் அவள் பழத்தையே ஐஸ் ஆக்குவாள். வெட்டிய துண்டுகளை ஒரு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறைபெட்டியில் வைக்க வேண்டும், குவித்து வைத்தால் ஒட்டிக்கொண்டு பாறையாகிவிடும். இப்படி உறைந்த பழம் உருகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும், ஐஸ் செய்வதைத்தான் அதுவும் செய்யும். ஆனால் உருகி வருவது வெறும் தண்ணீராக இராது, சாறாக இருக்கும். கடைசி வாய்வரை ருசி இறங்காது.

ஜாரில் போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அடியில் தயிரும் மாம்பழக் கூழும், மேலே வாழைப்பழம், அதற்கும் மேலே உறைந்த துண்டுகள். பிளேடு சுற்றும்போது அடியில் உள்ளதைச் சுவரோரமாக வீசும். அது சுவரில் ஏறி, நடுவில் ஒரு குழி விழும்; மேலே உள்ளவை அந்தக் குழி வழியாகக் கீழே இறங்கும். அடியில் கட்டியைப் போட்டால் பிளேடு அதைச் சுற்றி ஒரு காற்றுப் பையை வெட்டிக்கொண்டு சும்மா சுற்றும். மோட்டார் கத்தும், ஜாரில் ஒன்றும் நகராது. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. குளிர்ச்சியில் நாக்கு இனிப்பைக் கொஞ்சம் மறந்துவிடும். உப்பு அதை ஞாபகப்படுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் சத்தம் போடக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, புல் வெட்டக்கூடாது. விடுதி விதிகளில் "ஓய்வு நேரம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சுபத்ராவின் மிக்ஸியோ திருப்பூரிலிருந்து துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தது. இட்லிக்கு அரைக்கவும் மல்லி பொடிக்கவும் செய்த இயந்திரத்துக்கு ஓய்வு நேரம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவள் யோசித்து, சனிக்கிழமை மாலையே பாதிப் பழத்தை எடுத்து அரைத்து, மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டாள். அழகான ரோஜா நிறம். இனி மறுநாள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் போதும்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஒரு தேக்கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். கசந்தது. லேசாக இல்லை, வேப்பங்கொழுந்தைக் கடித்த கசப்பு. வாய் கொப்பளித்துவிட்டு, கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கும் தங்கை நிரஞ்சனாவை வீடியோவில் அழைத்தாள்.

"என்னக்கா, மூஞ்சி தோசைக்கல்லு மாதிரி காஞ்சு கெடக்குது?"

"முப்பத்தாறு டிகிரி."

"ஒரு ஃபேன் வாங்க வக்கில்லையா உனக்கு?"

"கடையில இல்லடி. ஊரே வாங்கிடுச்சு. அத விடு. ஸ்மூத்தி கசந்துபோச்சு."

"தயிர் கெட்டுப்போயிருக்கும்."

"தயிர் நல்லாத்தான் இருக்கு. தப்பு என் மேல. வேகாத அன்னாசில ஒரு என்சைம் இருக்கு. அது கத்தரிக்கோல் மாதிரி, புரதத்த வெட்டிக்கிட்டே இருக்கும். தயிர்ல இருக்கற பால் புரதம் நீளமா இருக்கறப்ப ருசியே கிடையாது, துண்டு துண்டானா கசக்கும். டின் பழத்த வேக வச்சு அடைக்கறதால அந்தக் கத்தரிக்கோல் செத்துப்போயிடும். உறைய வச்சா சாகாது, தூங்கும். அரைச்ச உடனே எந்திரிச்சு ராத்திரி பூரா வெட்டியிருக்கு."

"பாடம் எடுக்காத. அந்தப் பொண்ணுக்குத்தான செஞ்ச?"

சுபத்ரா தேக்கரண்டியைத் துடைத்து வைத்தாள்.

"எட்டு மாசமா என்கிட்டப் பொலம்பற. போய் நேராச் சொல்லு. அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னது சும்மான்னு."

"லூசுன்னு நெனப்பா."

"நெனக்கட்டும். சாயங்காலம் ஊரவிட்டுப் போறவ நெனச்சா உனக்கென்ன?" நிரஞ்சனா திரைக்கு அருகில் வந்தாள். "அக்கா, நம்ம சின்னத்தை மாதிரி தட்டுல போட்டுட்டு ரோட்டு வரைக்கும் தொரத்திட்டு வருவாங்கன்னு அந்த ஊர்ல எதிர்பாக்காத. கடைக்குப் போய் வேற பழம் வாங்கு."

"ஞாயித்துக்கெழம கடை இல்ல."

"என்ன ஊருடி அது!" என்று சொல்லிவிட்டு, அக்காவை டி போட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு, நிரஞ்சனா வைத்துவிட்டாள்.

உறைபெட்டியில் மீதிப் பாதி அன்னாசி இருந்தது. பாதி டின் மாம்பழக் கூழ், ஒரு வாழைப்பழம், பெர்ரி கொஞ்சம், தயிர் கொஞ்சம். ஒரு தடவைக்குப் போதும். அன்னாசியை வேகவைத்தால் என்சைம் போய்விடும். ஆனால் பிறகு ஆறவைத்து உறையவைக்க நேரம் இல்லை. ஒரே வழிதான் உண்டு. அரைத்தவுடன் குடித்துவிட வேண்டும். அரை மணி நேரம் தாங்கும், அதற்குமேல் சொல்ல முடியாது. அப்படியென்றால் லாரா கிளம்பும் முன், ஞாயிறு மத்தியானத்தில் மிக்ஸியைப் போட்டாக வேண்டும்.

மூன்று மணிக்கு லாராவின் கதவு வரை போனாள். உள்ளே லாரா தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், பெட்டியில் பிசின்தாள் கிழித்து ஒட்டும் சத்தமும் கேட்டது. தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். முதலில் அரைத்துவிடலாம், கையில் டம்ளர் இருந்தால் தட்டுவது சுலபம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சமையலறையில் யாரும் இல்லை. மாடியில் மற்றவர்கள் சத்தமும் இல்லை. ஜாரை நிரப்பினாள். சத்தத்தைக் குறைக்கப் பெரிய குளியல் துண்டை நான்காக மடித்து மிக்ஸிக்கு அடியில் வைத்தாள். மிக்ஸி போடும் சத்தத்தில் பாதி மேசை போடுவதுதான். மோட்டாரின் அதிர்வு காலில் இறங்கி, பலகை முழுவதும் மேளத்தோல் மாதிரி முழங்கும். நடுவில் துண்டு இருந்தால் அதிர்வு அதிலேயே அடங்கிவிடும். கணக்கு சரிதான். இரண்டு சுற்றுச் சுற்றியது, சத்தமும் உண்மையில் குறைந்தது. மூன்றாவது சுற்றில் சூடான வார்னிஷ் வாசனை வந்தது. மிக்ஸி நின்றுவிட்டது.

துண்டைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. மிக்ஸி மூச்சு விடுவது அடிப்பக்கத்து ஓட்டைகள் வழியாக. உள்ளே இருக்கும் சிறு விசிறி கீழிருந்து காற்றை இழுத்து மோட்டாரைக் குளிர்விக்கும். அவள் அதன் மூக்கில் நான்கு மடிப்புத் துண்டை வைத்து அழுத்தியிருக்கிறாள். போதாததற்கு ஜாரில் கல்லாக உறைந்த பழம். குளிர்விப்பதையே படிக்க வந்தவள் செய்கிற வேலையா இது? மிக்ஸியைக் கவிழ்த்தாள். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மோட்டார் வெந்துபோகாமல் காப்பாற்ற அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஆறும்வரை பொத்தான் உள்ளே போகாது.

மணி மூன்று இருபத்தைந்து. மேசையில் கிடந்த விளம்பரத் தாளை எடுத்து மிக்ஸியின் அடிக்கு விசிறினாள். ஜாருக்குள் பழம் கரைய ஆரம்பித்திருந்தது, கத்தரிக்கோல்கள் கண் விழித்திருக்கும். மூன்று முப்பத்தைந்துக்குப் பொத்தானை அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்தது. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மிக்ஸியை வெறும் மேசையில் வைத்து, விட்டு விட்டு ஐந்து தடவை முழு வேகத்தில் போட்டாள். அலமாரிக் கண்ணாடிகள் ஆடின. கட்டடத்துக்கே கேட்டிருக்கும்.

நிறுத்தித் திரும்பினால், கதவில் லாரா.

"மன்னிச்சிடு. ஞாயித்துக்கிழமைன்னு தெரியும். துண்டு போட்டுத்தான் பார்த்தேன், அது..."

"நான் புகார் சொல்ல வரல," என்றாள் லாரா. முகம் சிவந்து வியர்த்திருந்தது, முழங்கையில் பிசின்தாள் ஒட்டியிருந்தது. "அது என்ன மெஷின்? ஹெலிகாப்டரா?"

"மிக்ஸி. எங்க ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கும்."

"எத்தனை வாட்?"

"எழுநூத்தைம்பது."

லாரா ஜாரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கேட்காமலேயே மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தாள். "காத்து இங்கேயிருந்து வருதா? இந்தச் சிவப்பு எதுக்கு?" சுபத்ரா சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் சரளமாக ஓடுவது அவளுக்கே கேட்டது. துண்டு விஷயம் வந்ததும் லாரா வாய்விட்டுச் சிரித்தாள். "மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொல்லியிருக்க!"

சுபத்ரா ஜாரை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "குடிக்கறியா?"

"வேண்டாம், நன்றி. இப்பத்தான் ஒரு பாட்டில் தண்ணி குடிச்சேன்."

இதுவே ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் டம்ளரை இறக்கி வைத்திருப்பாள். இன்று இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

"எங்க ஊர்ல ரெண்டாவது தடவையும் கேட்கணும். அதனால கேட்கறேன். குடிக்கறியா?"

லாரா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "மூணாவது தடவையும் உண்டா?"

"மூணாவது தடவை கேட்க மாட்டோம். கையில வச்சிடுவோம்."

"அப்ப எதுக்கு முதல் தடவை கேட்கறீங்க?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். கண்களை மூடிக்கொண்டு, குளிர்ந்த டம்ளரைக் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கடவுளே. இதை நீ ஜூன்லயே செஞ்சிருக்கக் கூடாதா?"

சுபத்ராவும் எதிரே உட்கார்ந்தாள். சொல்ல நினைத்ததை ஆங்கிலத்தில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தாள், எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நவம்பர்ல நீ என்னைச் சூப் சாப்பிடக் கூப்பிட்ட. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ சாப்பிட்டுட்டேன்னு சொன்ன."

"நான் சாப்பிடல."

லாரா டம்ளரை இறக்கினாள். "அப்ப ஏன் சாப்பிட்டேன்னு சொன்ன?"

"மரியாதைக்கு. நீ இன்னொரு தடவை கேட்பன்னு நெனச்சேன். கேட்டிருந்தா வந்திருப்பேன். எங்க வீட்டுப் பக்கம் அப்படித்தான். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியல. பிறகு தெரிஞ்சப்ப, சொல்றதுக்கு ரொம்ப நாள் ஆயிடுச்சு."

லாரா சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்றுதான் சுபத்ரா நினைத்திருந்தாள். டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மெதுவாகப் பேசினாள்.

"அன்னிக்கு நான் திரும்பி வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன். அவளுக்குத் தனியா இருக்கறதுதான் பிடிக்கும்போல, தொந்தரவு பண்ண வேண்டாம்னு. இந்த மாடிக்கு நான்தான் பொறுப்பு, அதனால சொன்னேன். பிப்ரவரில மக்டலீன் தன்னோட பிறந்தநாளுக்கு உன்னைக் கூப்பிடலாமான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். நரேஷ் கூட ஒரு தடவை கேட்டான். அவன்கிட்டயும் சொன்னேன், விட்டுடு, அவளோட விருப்பத்தை மதிக்கணும்னு."

நரேஷ் தாழ்வாரத்தின் கோடி அறை. பெயரை அஞ்சல் பெட்டியில் படித்திருக்கிறாளே தவிர, அவனிடம் பேசியதில்லை.

"எல்லாரும் உன் விஷயத்துல ரொம்பக் கவனமா இருந்தாங்க," என்றாள் லாரா. "நீ தண்ணி பிடிக்க வந்தா நான் பேச்சையே நிறுத்தச் சொல்வேன். உனக்குச் சத்தம் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஏழு பேர் சேர்ந்து அவ்வளவு அக்கறையோடு தன்னைத் தனியாக விட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தபோது, அழுவதா சிரிப்பதா என்று விளங்கவில்லை. வெறுத்திருந்தால் கோபப்படலாம். அவர்கள்மேல் கோபப்பட இடமே இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

"ஊத்து," என்றாள் லாரா, முதல் தடவையே.

இரண்டாவது டம்ளரைக் குடித்துக்கொண்டே ஹனோவரைப் பற்றிச் சொன்னாள். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாதாம். வீடு பார்க்க இரண்டு முறை போயிருக்கிறாள், கடைசியில் கிடைத்தது ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறை. "அங்க யாராவது என்னைக் கூப்பிட்டா முதல் தடவையே சரின்னு சொல்லிடுவேன்," என்றாள். "நீ ஹீலியத்துல என்ன பண்ற?" என்று அடுத்துக் கேட்டாள். எட்டு மாதத்தில் இந்த மாடியில் யாரும் சுபத்ராவிடம் கேட்காத கேள்வி. திரவ ஹீலியம் ஒரு கட்டத்துக்குமேல் குளிர்ந்தால், கிண்ணத்தின் சுவரில் தானாக ஏறி வெளியே வழிந்துவிடும் என்று சுபத்ரா சொல்லத் தொடங்கினாள். லாரா முன்னால் குனிந்து, "தானா ஏறுமா? பம்ப் இல்லாமலா?" என்று கேட்டபோது, அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது.

அவளுடைய அண்ணன். கார் கீழே நிற்கிறது, நிறுத்தக்கூடாத இடம், சீக்கிரம் வா என்கிறான். மணி நான்கு ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

"பெட்டி தூக்கட்டுமா?" என்றாள் சுபத்ரா.

"வேண்டாம். ரெண்டுதான்." லாரா எழுந்தாள். பிறகு, "நிஜமாவே வேண்டாம்," என்று சேர்த்துச் சொன்னாள். கதவு வரை போனவள் நின்று தொலைபேசியை எடுத்தாள். "இந்த மாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு. உன்னைச் சேர்த்துட்டு நான் வெளியே போயிடறேன். சேர்க்கட்டுமா?"

"பரவாயில்ல" என்பது சுபத்ராவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "சேர்," என்றாள்.

லாரா அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேருடைய சட்டையும் வியர்வையில் ஒட்டியது. பிறகு பெட்டிகள் உருளும் சத்தம், லிஃப்ட் கதவு, அதற்கப்புறம் எதுவும் இல்லை.

சுபத்ரா மறுபடியும் மேசையில் உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். இந்தக் குழுக்களில் ஒருவரைச் சேர்த்தால், அவர் சேர்ந்த நிமிடத்துக்கு முன்னால் எழுதியது எதுவும் அவருக்குத் தெரியாது. எட்டு மாதத்துச் சூப்பும் பிறந்தநாளும் யார் பாலை யார் குடித்தார்கள் என்ற சண்டையும் எல்லாம் அதற்குள் இருக்கும், இல்லாமலும் இருக்கும். அவளுக்குத் தெரிந்தது இரண்டே வரி. லாரா உங்களைச் சேர்த்தார். லாரா வெளியேறினார்.

ஜாரில் இன்னும் இரண்டு டம்ளர் மீதம் இருந்தது. நான்கைந்து தடவை அடித்து அழித்த பிறகு, "சமையலறையில் குளிர்ந்த மாம்பழ அன்னாசி ஸ்மூத்தி இருக்கிறது. கால்மணி நேரத்துக்குள் குடித்தால் நல்லது. சுபத்ரா" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். ஜாரை மூடி மேசை நடுவில் வைத்தாள். இரண்டு சுத்தமான டம்ளர்களைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். தாழ்வாரத்தில் ஏதாவது கதவு திறக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதுவும் திறக்கவில்லை. பதினைந்து நிமிடம் ஆனதும் ஒரு டம்ளரை நிமிர்த்தி ஊற்றித் தானே குடித்தாள். இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது.

நான்கு மணி இருபது நிமிடத்துக்குத் திரை ஒளிர்ந்தது. மக்டலீன். "அய்யோ, நாங்க எல்லாரும் ஏரிக்குக் குளிக்க வந்துட்டோம்! அடுத்த தடவை!" பக்கத்தில் ஒரு சூரியன் பொம்மை. அதற்குக் கீழே நரேஷ் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தான்.

அடுத்த தடவை. திருப்பூரில் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க" என்றுதான் சொல்வார்கள். "வர்றோங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். எந்த நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கூப்பிட்டவரைச் சங்கடத்தில் மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். இந்த ஊர் "அடுத்த தடவை" அந்த ரகமா வேறு ரகமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல லாராவும் இல்லை.

"எப்போ?" என்று அடித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பினாள்.

மக்டலீன் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. பிறகு அது நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. சுபத்ரா தொலைபேசியைக் கீழே வைக்காமல், ஒரு கையால், இனிக் கசக்கப்போகிற மீதி ஸ்மூத்தியைத் தொட்டியில் கொட்டி, ஜாரைக் குழாய்க்கடியில் பிடித்தாள்.